சுங்கை சிப்புட் கறித்தூளும் ஒரு பல்கலைக்கழகத்தின் ஏற்றுமதி ஆலோசனைச் சேவையும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில் என் அண்ணியும் நானும் பதினோரு ஆண்டுகளாகச் சிறிய கறித்தூள் ஆலை ஒன்றை நடத்தி வருகிறோம். வறுக்கவும் சலிக்கவும் பொட்டலம் கட்டவும் எங்களோடு ஆறு பெண்கள் வேலை செய்கிறார்கள். அவர்களில் நால்வர் தோட்டத்து லயங்களில் பிறந்து வளர்ந்தவர்கள். ஈப்போவையும் தைப்பிங்கையும் தாண்டிச் சரக்கு அனுப்பியிராத எங்களிடம் சென்ற ஆண்டு சிங்கப்பூர் இறக்குமதியாளர் ஒருவர் விலை கேட்டார். அவர் வழியாக, ஜப்பானில் இந்திய உணவகங்களுக்குப் பொருள் தரும் ஒருவரும் மாதிரி கேட்டார். அப்போதுதான், அரசுப் பல்கலைக்கழகம் ஒன்று சிறு உற்பத்தியாளர்களுக்காக நடத்தும் ஏற்றுமதி ஆலோசனைச் சேவையில் 600 ரிங்கிட் கட்டிச் சேர்ந்தோம். ஏழு மாத அனுபவத்தை, எங்களைப் போன்ற நிலையில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

முதலில் பரிசோதனை. மிளகாய், மல்லி, மஞ்சள், கலந்த தூள் என்று ஒவ்வொன்றிலும் அரை கிலோ வாங்கிச் சென்றார்கள். ஜப்பான் 2006 மே மாதத்திலிருந்து கடைப்பிடிக்கும் விதிப்படி, தனி வரம்பு குறிக்கப்படாத பூச்சிமருந்து எச்சம் எதுவாயினும் பத்து லட்சத்தில் 0.01 பங்குக்கு மேல் உணவில் இருக்கக் கூடாது என்பதையும், பூஞ்சையால் உண்டாகும் அஃபிளாடாக்சின் நஞ்சு கிலோவுக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டினால் சரக்கை உள்ளே விடமாட்டார்கள் என்பதையும் அங்கேதான் அறிந்தோம். நன்றாக வறுத்தால் எல்லாம் போய்விடும் என்று நாங்கள் இத்தனை காலம் நம்பியிருந்தோம். அந்த நஞ்சு வெப்பத்தைத் தாங்கக் கூடியது, நாம் வறுக்கும் சூட்டில் குறையலாமே தவிர முற்றிலும் அழியாது, ஆகவே மிளகாய் மூட்டை ஈரம் ஏறாமல் இருப்பதுதான் காப்பு என்று ஆய்வாளர் பொறுமையாக விளக்கினார். எங்கள் ஸ்டோரில் மூட்டைகள் சிமெண்டுத் தரையில், சுவரை ஒட்டி அடுக்கப்பட்டிருந்தன. அவற்றை மரச்சட்டங்களின் மேல் ஏற்றி, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைக்கச் சொன்னார். வாங்கும்போதே ஈரத்தை அளந்து நோட்டில் எழுதச் சொன்னார். மஞ்சளில் நிறத்துக்காகச் சிலர் சேர்க்கும் ஈயக் குரோமேட் இருக்கிறதா என்றும் பார்த்தார்கள். இல்லை என்று வந்தபோது அண்ணியின் முகத்தில் தெரிந்த நிம்மதியை இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

கொடுத்த பணத்துக்கு மேலாகவே கிடைத்தது வாணிக ஒப்பந்தங்கள் பற்றிய ஆலோசனை. சிங்கப்பூருக்கு, சரக்கு எந்த நாட்டில் உருவானது என்று காட்டும் பிறப்பிடச் சான்றிதழ் வாங்கினால்தான் வரி குறையும் என்று ஒரு முகவர் எங்களிடம் கட்டணம் பேசியிருந்தார். மது, புகையிலை, வாகனம், பெட்ரோலியப் பொருள் ஆகியவற்றைத் தவிர வேறெதற்கும் சிங்கப்பூர் சுங்கவரி விதிப்பதில்லை. கறித்தூளுக்கு வரியே இல்லாதபோது அதைக் குறைக்கச் சான்றிதழ் எதற்கு என்று பொருளியல் துறையைச் சேர்ந்த இளைய ஆய்வாளர் கேட்டார். அங்கே 2024 முதல் 9 விழுக்காடாக இருக்கும் பொருள் சேவை வரியை இறக்குமதியாளர் கட்டுவார் என்பதையும், அவரிடம் சிங்கப்பூர் உணவு அமைப்பின் அனுமதி இருக்கிறதா என்பதைத்தான் நாங்கள் முதலில் உறுதி செய்ய வேண்டும் என்பதையும் அவரே சொன்னார். அந்த ஒரு மணி நேரப் பேச்சிலேயே எங்கள் கட்டணத்தில் பாதி திரும்பிவிட்டது.

ஜப்பான் கணக்கு இதைவிட நுட்பமானது. 2006இல் நடப்புக்கு வந்த மலேசிய ஜப்பான் ஒப்பந்தம், ஆசியான் ஜப்பான் ஒப்பந்தம், 2022 மார்ச்சில் மலேசியாவுக்கு நடப்புக்கு வந்த ஆர்செப் (ஆசிய பசிபிக் வட்டார வாணிக ஒப்பந்தம்), அதே ஆண்டு நவம்பரில் வந்த சிபிடிபிபி (பசிபிக் கரை நாடுகள் தொடங்கிய வாணிக ஒப்பந்தம்) என நான்கு வழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் வரியும் பிறப்பிட விதியும் வேறு. எங்கள் தூளில் மலேசிய மண்ணில் விளைந்தது மிகக் கொஞ்சம். மிளகாய் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வருகிறது. ஆர்செப்பில் உள்ள 15 நாடுகளில் ஒன்றின் மூலப்பொருளை இன்னொன்றில் பதப்படுத்தினால் அதையும் உள்வட்டாரப் பொருளாகச் சேர்த்துக் கணக்கிடலாம். ஆனால் இந்தியா 2019 நவம்பரில் அந்தப் பேச்சுவார்த்தையிலிருந்து விலகிவிட்டது. ஆகவே உரிய தாள்களுடன் வரும் சீன மிளகாயை இந்தக் கணக்கில் சேர்க்கலாம், இந்திய மிளகாயைச் சேர்க்க முடியாது. எங்கோ ஒரு மாநாட்டு மேசையில் எடுத்த முடிவு எங்கள் மிளகாய் மூட்டை வரை வந்து நிற்கிறது என்பதை வேறு யாரும் எங்களுக்கு இப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள். மிளகாயை மாற்றினால் சுவை மாறும் என்று அண்ணி மறுத்தார். ஆய்வாளர் அதை ஏற்றுக்கொண்டு, மிளகாயை மாற்றாமலே எந்த ஒப்பந்தத்தின் விதி பொருந்தும் என்று நான்கையும் அருகருகே வைத்து அட்டவணை போட்டுத் தந்தார். அந்த அட்டவணைதான் இந்தச் சேவையின் சிறந்த பகுதி என்பேன்.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இது புதிய கதை அன்று. நம் பாட்டன்மார் ரப்பர் மரம் சீவிப் பால் எடுத்த காலத்தில், புகையூட்டிய ரப்பர் தாள்களைக் கண்ணால் பார்த்தே தரம் பிரித்தார்கள். 1965இல் வந்த எஸ்.எம்.ஆர். என்ற மலேசிய ரப்பர் தரமுறைதான் ரப்பரை அழுக்கு, சாம்பல் முதலியவற்றின் அளவைச் சோதித்து விற்கும் வழக்கத்தைக் கொண்டு வந்தது. கடலுக்கு அப்பால் இருக்கும் வணிகர் நம்மை நம்பத் தேவையில்லை, சோதனையில் வந்த எண்களை நம்பினால் போதும் என்ற நிலையை ஆய்வுக்கூடம் அன்று ரப்பருக்கு உண்டாக்கியது. அதே உதவி இன்று ஆறு பெண்கள் வேலை செய்யும் ஆலைக்கும் கிடைப்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

குறைகளையும் சொல்ல வேண்டும். மூன்று வாரம் என்று சொன்ன பரிசோதனை முடிவு ஏழு வாரம் கழித்து வந்தது. அதற்குள் ஜப்பான் வணிகர் இரண்டு முறை நினைவூட்டிவிட்டார். நடுவில் ஓர் ஆய்வாளரின் ஒப்பந்தக் காலம் முடிந்து அவர் போய்விட, புதிதாக வந்தவரிடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. கையொப்பமிடத் தந்த படிவத்தில், சேகரிக்கும் தரவுகளை ஆய்வுக் கட்டுரையில் வெளியிடலாம் என்ற வரி இருந்தது. ஆய்வாளருக்கு வெளியிடுவது கடமை, வணிகருக்கு மறைப்பது பிழைப்பு. இரண்டும் ஓரிடத்தில் சந்திக்கும்போது யார் எதை விட்டுக்கொடுப்பது என்பதை முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும். கலவை விகிதமும் வறுக்கும் நேரமும் வெளியே போகக் கூடாது என்று நாங்கள் கேட்ட பிறகே ஒரு பத்தி சேர்த்தார்கள். கேட்கத் தெரியாத ஒருவர் அப்படியே கையொப்பமிட்டிருப்பார்.

என்னை மிகவும் வருத்தியது மொழி. நாற்பத்திரண்டு பக்க அறிக்கை ஆங்கிலத்தில் வந்தது, சுருக்கம் மட்டும் மலாயில். மல்லி எந்த மணத்தில் இறங்க வேண்டும், மிளகாய் எந்தச் சத்தத்தில் பதம் என்று ஆய்வாளர்களுக்கு இரண்டு நாள் நின்று காட்டியவர்கள் எங்கள் பெண்கள். அவர்களிடமிருந்து எடுத்த அறிவு அவர்களால் படிக்க முடியாத தாளில் திரும்பி வந்தது. ஸ்டோர் விதிகளை ஒரு பக்கத் தமிழில் தாருங்கள் என்று கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை. நானே எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

வாங்குபவரைத் தேடித் தரும் வேலையை இவர்கள் செய்வதில்லை. அதற்கு மலேசிய அரசின் ஏற்றுமதி வளர்ச்சி நிறுவனமான மெட்ரேட்டைத்தான் அணுக வேண்டும். விசாரிப்பு எதுவும் வராத நிலையில் இதில் பணம் கட்ட வேண்டாம் என்பதே என் ஆலோசனை. வெளிநாட்டிலிருந்து ஒருவர் உண்மையாகவே மாதிரி கேட்டுவிட்டால், மறுநாளே போங்கள். போகும்போது கடந்த ஓராண்டின் கொள்முதல் ரசீதுகளை, எந்த நாட்டுச் சரக்கு என்று வியாபாரியிடம் எழுதி வாங்கி, எடுத்துச் செல்லுங்கள். எங்களிடம் அவை இல்லாததால்தான் பிறப்பிடக் கணக்குக்கு ஒரு மாதம் கூடுதலாகப் பிடித்தது.

சிங்கப்பூருக்கு இதுவரை மூன்று முறை சரக்குப் போயிருக்கிறது. ஜப்பானுக்கான மாதிரி, பரிசோதனைத் தாளோடு போன மாதம் புறப்பட்டது.