ராணுவ ட்ரக்கிற்கு முன்கார்டு: சேனலா, பைப்பா, எஸ்.எஸ்ஸா?

ராணுவம் கழித்துவிட்ட நிசான் ஒரு டன் ட்ரக் ஒன்றை என் மைத்துனரும் நானும் கூட்டாக வைத்திருக்கிறோம். ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலையில் ஜோங்கா என்ற ராணுவ ஜீப்போடு சேர்ந்து உருவான வண்டி அது. நான்கு லிட்டருக்குச் சற்றுக் குறைவான ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் கொண்டது. நிற்பது கடலூர் தேவனாம்பட்டினத்தில், வேலை செய்வது காடாம்புலியூர்ப் பக்கத்து முந்திரித் தோப்பில். எங்களுக்கு முன் அதை வைத்திருந்தவர் ராணுவக் காலத்துப் பம்பரைக் கழற்றிப் போட்டுவிட்டு, பட்டறையில் செய்த பைப் கார்டு ஒன்றைப் பூட்டியிருந்தார். அதை மாற்றியே ஆக வேண்டிய நிலை வந்தபோது எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன. ராணுவ வடிவத்துச் சேனல் பம்பரையும், அதாவது ஒரு பக்கம் திறந்த ‘ப’ வடிவ இரும்பில் செய்த பம்பரையும், அதன் மேல் நிற்கும் இரும்புப் பட்டைக் கார்டையும் தேடிப் பிடிப்பது ஒன்று. புதிதாக இரும்புப் பைப்பில் செய்யச் சொல்வது மற்றொன்று. மைத்துனர் விரும்பியபடி துருப்பிடிக்காத எஃகுப் பைப்பில், அதாவது எல்லோரும் எஸ்.எஸ். என்று சொல்லும் உலோகத்தில், செய்து மாட்டுவது மூன்றாவது. நாங்கள் சேனலைத் தேர்ந்தெடுத்தோம். இந்த அலசலும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தோற்றம், விலை, எடை ஆகிய மூன்றையும் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. தோற்றம் அவரவர் விருப்பம். விலையில் எஸ்.எஸ். எப்போதும் மேலே நிற்கும். மற்ற இரண்டும் இரும்பின் கிலோ விலையையும் பட்டறைக் கூலியையும் பொறுத்து ஏறி இறங்கும். எடையைப் பொறுத்தவரை, சேனல் என்றாலே பாரம் என்ற எண்ணம் பாதிதான் சரி. 150 மி.மீ. சேனல் மீட்டருக்குப் பதினாறு, பதினேழு கிலோ வருகிறது. இரண்டு அங்குல நடுத்தர வகைப் பைப் மீட்டருக்கு ஐந்து கிலோவே வருகிறது. ஆனால் பம்பருக்குச் சேனல் இரண்டு மீட்டருக்குள் முடிந்துவிட, வளைத்தும் குறுக்கே கொடுத்தும் செய்யும் பைப் கார்டு ஆறேழு மீட்டர் பைப்பை விழுங்கிவிடுவதால் இரண்டும் ஏறத்தாழ ஒரே எடையில் வந்து நிற்கின்றன.

சட்டத்தையும் சுருக்கமாகவே சொல்லிவிடலாம், ஆனால் சொல்லாமல் விட முடியாது. மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில், வாகனங்களில் கிராஷ் கார்டு, புல் பார் எனப்படும் இத்தகைய முன்கார்டுகளை அனுமதியின்றிப் பொருத்துவது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்கு முரணானது என்று மாநிலங்களுக்குத் தெரிவித்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பிறகு, சட்டம் அனுமதிக்காத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு ஐயாயிரம் ரூபாய் அபராதமோ, சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமுண்டு. கார்டுக்கு எதிராகச் சொல்லப்படும் காரணங்களில், ஏர்பேக் உணரிகள் குழம்பும் என்பது எங்கள் வண்டிக்குப் பொருந்தாது. அதில் ஏர்பேக்கே கிடையாது. நடந்து செல்பவர் மீது மோதினால் காயம் கடுமையாகும் என்ற காரணம் எந்த வண்டிக்கும் பொருந்தும். பம்பர் என்பது வண்டியோடு பிறந்த உறுப்பு. அதன் மேல் நிற்கும் கார்டுதான் கேள்விக்குரியது. சேனல் வகையில் கார்டு தனியாக, நான்கு போல்ட்டுகளில் நிற்பதால், எப்.சி.க்குப் போகும்போதும் புதுச்சேரிச் சாலையில் ஓட்டும்போதும் அதைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, தோப்புக்குப் போகும்போது மட்டும் மாட்டிக்கொள்கிறோம். ஒரே துண்டாகச் செய்த பைப் கார்டில் பம்பரும் கார்டும் பிரியாது. கழற்றினால் வண்டி முன்பக்கம் மொட்டையாகிவிடும். சட்டம் என்று பேச்சு வந்ததால் இன்னொன்று: ஆலிவ் பச்சை நிறம் பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டுமே உரியது என்று 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள் கூறுகின்றன. ராணுவ வடிவத்தில் பம்பர் கிடைத்த மகிழ்ச்சியில் யாரும் அந்த வண்ண டப்பாவையும் சேர்த்து வாங்கிவிட வேண்டாம்.

இனி, முடிவைத் தீர்மானித்த விஷயத்துக்கு வருகிறேன். கடலோரத்தில் நிற்கும் வண்டிக்கு எந்தக் கார்டு வலுவானது என்பதைவிட, எந்தக் கார்டின் துரு கண்ணுக்குத் தெரியும் என்பதே முக்கியமான கேள்வி. தேவனாம்பட்டினத்தில் உப்புக்காற்றுக்கு ஓய்வு கிடையாது. வீட்டு ஜன்னல் கம்பியே சில பருவங்களில் செதில் செதிலாக உரியும்போது, முன்னால் முகம் கொடுத்து நிற்கும் பம்பர் எப்படித் தப்பும்? எல்லா இரும்பும் துருப்பிடிக்கும், சேனலும் பிடிக்கும். வேறுபாடு எங்கே பிடிக்கிறது என்பதில்தான் இருக்கிறது. சேனல் திறந்த வடிவம். அதன் உட்புறத்தைக் குனிந்து பார்த்தால் தெரியும். கம்பி பிரஷ் உள்ளே போகும். பெயின்ட் பிரஷும் போகும். பைப் மூடிய வடிவம். வெளியே மினுமினுக்கும் பெயின்ட் இருக்க, உள்ளே சுவர் மெலிந்துகொண்டே போவதை யாரும் அறிய முடியாது.

பைப் பக்கம் பேசுபவர்கள் இதற்கு நியாயமான ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். இரு முனைகளையும் முழுமையாக வெல்டிங் செய்து மூடிவிட்டால் உள்ளே இருக்கும் ஆக்சிஜனும் ஈரமும் சிறிதளவு துருவை உண்டாக்கியதோடு தீர்ந்துவிடும், அதற்கு மேல் துரு வளராது என்பதே அது. தத்துவம் சரிதான். ஆனால் நடைமுறையில் அந்தப் பைப் மூடியதாகவே இருப்பதில்லை. பனிவிளக்கு மாட்ட ஒரு துளை, வயர் போக ஒரு துளை, நம்பர் பிளேட்டுக்கு இரண்டு துளை என்று வந்துவிடுகின்றன; வெல்டிங் தையலில் ஊசிமுனை அளவுக்கு ஓட்டை இருந்தாலும் போதும். பகல் வெயிலில் பைப்புக்குள் காற்று விரிந்து வெளியேறுகிறது. இரவில் குளிரும்போது கடற்கரையின் ஈரக்காற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறது. உள்ளே போன ஈரம் நீராகி அடிவளைவில் தேங்குகிறது, வெளியேற வழியில்லை. எங்கள் வண்டியில் இருந்த பழைய கார்டை அறுத்துப் பார்த்தபோது மேல்பகுதிப் பைப் ஓரளவு நன்றாகவே இருந்தது. அடிவளைவும் வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸோடு சேரும் இடமும் மட்டும் விரலால் அழுத்தினால் நொறுங்கும் தகடாகிவிட்டிருந்தன. தாழ்ந்த முந்திரிக் கிளை ஒன்று மாட்டி இழுத்ததற்கே அது மடங்கியது. மரத்தைத் தள்ளுவதற்காக மாட்டிய கார்டு என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பைப்பில் செய்தால் என்ன என்று கேட்பார்கள். துத்தநாகப் பூச்சு இரும்பைக் காப்பது உண்மை. ஆனால் துத்தநாகம் 907 டிகிரியில் ஆவியாகும்; வெல்டிங் வெப்பம் அதைவிடப் பல மடங்கு என்பதால் ஒவ்வொரு இணைப்பிலும் பூச்சு எரிந்து போகிறது. அப்போது எழும் வெண்புகையைச் சுவாசித்தால் வெல்டருக்கு அன்றிரவே காய்ச்சல் வரக்கூடும். எங்கே வலு வேண்டுமோ அங்கே, அதாவது இணைப்பில், பாதுகாப்பு இல்லாமல் போகிறது. முழுக் கார்டையும் செய்து முடித்தபின் ஏறத்தாழ 450 டிகிரியில் உருகிய துத்தநாகத் தொட்டியில் முக்கி எடுப்பதே சரியான முறை. அதற்கும் பைப்பில் காற்றும் நீரும் வெளியேறத் துளைகள் விட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் உள்ளே அடைபட்ட ஈரம் ஆவியாகிப் பைப்பையே வெடிக்கச் செய்யும். ஒற்றைக் கார்டுக்காகத் தொட்டி வைத்திருக்கும் ஆலையைத் தேடி அலைவதற்கு எங்களுக்குப் பொறுமை இல்லை.

எஸ்.எஸ். பற்றி நான் எழுதுவது சொந்த வண்டியில் மாட்டி ஓட்டிய அனுபவத்திலிருந்து அல்ல. வீராம்பட்டினத்தில் உறவினர் ஒருவரின் ஜீப்பில் நிற்கும் கார்டை அருகிலிருந்து பார்த்து வருவதிலிருந்து எழுதுகிறேன். ஆகவே இந்தப் பகுதியைச் சற்றுத் தள்ளுபடியோடு படிக்க வேண்டும். எஸ்.எஸ். என்பது ஒரே உலோகம் அல்ல. 304 வகையில் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உண்டு. 202 வகையில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசை ஏற்றியிருப்பார்கள். விலை குறைவு, உப்பைத் தாங்கும் திறனும் குறைவு. கடலோரத்துக்கு உண்மையில் பொருந்துவது 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் கலந்த 316. அதன் விலையைக் கேட்டபின் மைத்துனரே பேச்சை மாற்றிவிட்டார். காந்தம் ஒட்டவில்லை என்பதை வைத்து 304 என்று நம்பிவிடக் கூடாது, 202இலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. சோதனைத் திரவம் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பதே வழி. உறவினரின் கார்டில் தேநீர்க் கறை போன்ற பழுப்புப் புள்ளிகள் இருக்கின்றன; துடைத்தால் போகின்றன, பிறகு திரும்பி வருகின்றன. அதைக் குறையாக நான் கருதவில்லை.

என்னைத் தயங்க வைத்தது வேறு. எஸ்.எஸ்ஸும் சாதாரண இரும்பும் உப்பு நீர் நனைந்த நிலையில் தொட்டுக்கொண்டிருந்தால் அழிவது இரும்புதான். பெரிய எஸ்.எஸ். கார்டைச் சிறிய இரும்பு போல்ட்டுகளால் பூட்டும்போது அந்த அரிப்பு முழுவதும் போல்ட்டின் மீது குவிகிறது. அதன் பின் சேஸிஸ் முனையில் இருக்கும் பிராக்கெட்டுக்குப் போகிறது. பளபளக்கும் கார்டைக் காப்பாற்றிக்கொண்டு, எங்கும் கிடைக்காத பழைய சேஸிஸை இழப்பது என்ன கணக்கு? இடையில் ரப்பர் வாஷர் கொடுத்துப் பிரித்து வைக்கலாம் என்கிறார்கள். நல்ல பிட்டர் கையில் அது சரியாக அமையவும் கூடும். சுவாரசியம் என்னவென்றால் இதைத் திருப்பிப் போட்டால் பாதகம் மிகக் குறைவு. பெரிய இரும்புச் சேனலில் சிறிய எஸ்.எஸ். போல்ட் போட்டால் அரிப்பு பரந்த பரப்பில் பரவி நீர்த்துவிடுகிறது. எங்கள் கார்டின் கழற்றி மாட்டும் நான்கு போல்ட்டுகளும் எஸ்.எஸ்.தான். இன்றுவரை ஸ்பேனருக்கு மறுப்புச் சொன்னதில்லை.

சேனலுக்கும் குறைகள் உண்டு. அதன் கீழ் உதடு ஒரு வாய்க்காலைப் போல முந்திரிச் சருகையும் செம்மண் சேற்றையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. மழைக்காலத்தில் அந்தச் சேறு காய்வதே இல்லை. அதற்காகக் கீழ் உதட்டில் 12 மி.மீ. துளைகள் இடைவெளி விட்டுப் போட்டோம். தண்ணீர்க் குழாயைக் காட்டினால் சேறு கரைந்து இறங்கிவிடுகிறது. பட்டையும் சேனலும் ஒன்றின் மேல் ஒன்று படியும் இடம் இன்னொரு பலவீனம். இரண்டு தகடுகளுக்கு நடுவில் துரு வளர்ந்தால் அது இரும்பைவிட அதிக இடம் கேட்கும். போல்ட்டையே இழுத்துத் தகட்டை உப்ப வைக்கும். கார்டை அடிக்கடி கழற்றுவதால் எங்களுக்கு அந்த இடத்தைத் துடைத்து எபாக்சி பிரைமர் தொட வாய்ப்புக் கிடைக்கிறது. கழற்றாமலே ஓட்டுபவர்கள் வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒருமுறையாவது பிரித்துப் பார்க்க வேண்டும். பராமரிப்பு இல்லாமல் விட்டுவிடலாம் என்று நினைப்பவருக்குச் சேனல் ஏற்றதல்ல. எமரித் தாளும் கம்பி பிரஷும் கையிலெடுக்கத் தயாராக இருப்பவருக்கு மட்டும் அது ஏற்றது.

தோப்பில் வேலை என்று பார்த்தால் இன்னொரு வேறுபாடும் தெரிகிறது. முந்திரி மரம் தரையைத் தொடுமளவுக்குத் தாழ்ந்து பரவும். அதன் கிளை நேராக வந்து ஹெட்லைட்டையும் ரேடியேட்டரையும் குத்தும். பைப் கார்டுகளில் குறுக்குப் பைப்புகளுக்கு நடுவில் விடும் இடைவெளி அகலமானது. குச்சி அதற்குள் தாராளமாக நுழைகிறது. வலை அடித்துவிட்டால் குச்சி நுழையாது. ஆனால் சருகு வந்து வலையில் அப்பிக்கொண்டு காற்றை மறைக்கும். மெதுவாக, முதல் கியரில் ஊர்ந்து போகும் பெட்ரோல் இன்ஜினுக்கு அது நல்லதல்ல. ராணுவ வடிவத்தில் பட்டைகள் செங்குத்தாக, நெருக்கமாக, விளிம்பு முன்னோக்கி நிற்கின்றன. கிளை சறுக்கி மேலே போகிறது, காற்றும் தடைபடுவதில்லை. கரையோரச் சவுக்குத் தோப்பில் ஓட்டுபவருக்கு இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது, சவுக்கு நேராக வளரும் மரம். வளைந்துபோனால் பட்டையை எந்தப் பட்டறையிலும் சூடாக்கித் தட்டி நிமிர்த்தலாம்; மடிந்த பைப்பை வெட்டித்தான் மாற்ற வேண்டும். எந்த வகையானாலும் வண்டியை இழுக்கக் கயிற்றைக் கார்டில் கட்டக் கூடாது. சேஸிஸில் பூட்டிய கொக்கியில்தான் கட்ட வேண்டும்.

மறுவிற்பனையைப் பற்றி எனக்கு அனுபவம் குறைவு. இந்த வண்டியை நாங்கள் இன்னும் விற்கவில்லை. விலை கேட்டு வந்தவர்கள் அனைவரும் முதலில் முன்பக்கத்தைப் பார்த்து, இது அசல் பம்பரா என்று கேட்டார்கள் என்பது மட்டும் உண்மை. அசல் பம்பர் தேடுபவர்கள், பழைய ராணுவ வண்டி பிரிக்கும் காயலான் கடைகளில் சேஸிஸ் பிராக்கெட்டையும் சேர்த்தே கேட்டு வாங்குவது நல்லது. பம்பர் மட்டும் கிடைத்து பிராக்கெட் கிடைக்காவிட்டால், புதுச்சேரியின் மேட்டுப்பாளையத்திலோ தட்டாஞ்சாவடியிலோ உள்ள தொழிற்பேட்டைப் பட்டறைகளில் அளவெடுத்து 10 மி.மீ. தகட்டில் புதிதாகச் செய்துகொள்ளலாம்.

பண்ருட்டி, நெய்வேலிப் பக்கத்தில் வண்டியை நிறுத்துபவர்களுக்கு நான் இத்தனை தூரம் வாதாட மாட்டேன்; கடற்காற்று அங்கே இவ்வளவு கடுமையாக இல்லை, பைப் கார்டே அவர்களுக்குப் போதுமானதாக இருக்கலாம். அப்படிச் செய்பவர்கள் பட்டறைக்காரரிடம் அடிவளைவு ஒவ்வொன்றிலும் 8 மி.மீ. வடிகால் துளை போடச் சொல்ல வேண்டும். பிறகு அந்தத் துளை வழியாக, உட்புறத் துருத்தடுப்பு மெழுகைப் பாய்ச்சி ஒரு நாள் வண்டியைச் சரிவில் நிறுத்தி வடியவிட வேண்டும்.