மெட்டல் கியர் ஆசிட்: முதல் பாகமா, இரண்டாம் பாகமா?

ஒளிந்து விளையாடும் மெட்டல் கியர் தொடரில், சோனியின் கையடக்கக் கருவியான பிஎஸ்பிக்கு வந்த கார்டு கேம் மெட்டல் கியர் ஆசிட். அதன் இரண்டு பாகங்களையும் முடித்தாயிற்று. மறுபடி ஒன்றைத்தான் ஆரம்பிக்க நேரம் இருக்கிறது என்ற நிலை வந்தபோது நான் எடுத்தது இரண்டாம் பாகம். இந்த கேமை விளையாடியவர்களிடம் பேசினால் கருத்து பெரும்பாலும் இரண்டாகத்தான் பிரியும். கதைக்காக முதல் பாகத்தை விட்டுக்கொடுக்காதவர்கள் ஒரு பக்கம், ஆட்டம் என்று வந்தால் இரண்டாவதுதான் என்பவர்கள் இன்னொரு பக்கம். நான் இரண்டாவது கட்சி. ஆனால் அந்தக் கட்சிக்காரர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணங்கள் எனக்குப் பெரிதாகப் படவில்லை. என்னுடைய காரணம் வேறு.

புதிதாகக் கேள்விப்படுபவர்களுக்காக அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிஎஸ்பி ஜப்பானில் வெளியான அதே 2004 டிசம்பரில் முதல் பாகம் வந்தது. ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, 2005 டிசம்பரில், இரண்டாவது. இரண்டையும் இயக்கியவர் ஷிண்டா நோஜிரி. 2000இல் கேம்பாய் கலருக்கு வந்த மெட்டல் கியர் கேமும் அவர் இயக்கியதுதான், ஆகவே சின்னத் திரையில் ஒளிந்து விளையாடும் ஆட்டத்தை எப்படிக் கட்டுவது என்பது அவருக்குப் பழகிய வேலை. அந்தக் காலத்தில் நிறையப் பேர் முதல் பாகத்தை வாங்கிப் போட்டுப் பார்த்துவிட்டு, "இது மெட்டல் கியரே இல்லை" என்று ஓரம் வைத்தார்கள். புதுக் கருவியில் தொடரின் நாயகன் ஸ்னேக்கை ஓடவிட்டுச் சுட நினைத்தவர்களுக்குக் கட்டம் கட்டமாக நகரும் கார்டு ஆட்டம் கிடைத்தால் கோபம் வரத்தான் செய்யும். 2006 கடைசியில் போர்ட்டபிள் ஆப்ஸ், 2010இல் பீஸ் வாக்கர் என்று நேரடியாக ஓடி ஒளியும் கேம்கள் பிஎஸ்பிக்கே வந்துவிட்டன. அதனால் அந்தப் பழைய மனக்குறைக்கு இப்போது இடமில்லை. ஆசிட்டை ஆசிட்டாகவே பார்க்கலாம்.

ஆட்டத்தின் உயிர் காஸ்ட் என்னும் எண்ணில் இருக்கிறது. ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு காஸ்ட் உண்டு. நீங்கள் போடும் கார்டுகளின் காஸ்ட் உங்கள் கணக்கில் ஏறும். யாருடைய எண் குறைவோ அவருக்கு அடுத்த டர்ன், அதாவது ஆடும் முறை. காவலாளிக்கும் இதே விதிதான். பெரிய ஆயுதத்தைப் போட்டால் பலன் பெரிது, ஆனால் உங்கள் முறை மறுபடி வருவதற்குள் எதிரில் இருப்பவன் நடந்து, திரும்பி, உங்களைப் பார்த்தும் விடலாம். இதோடு இன்னொரு விதியும் சேர்கிறது: எந்தக் கார்டையும் அதன் வேலைக்குப் பயன்படுத்தாமல், நகர்வதற்காகச் செலவழிக்கலாம்.

இது நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு நிலைமை. சுவர் ஓரத்தில் பதுங்கி நிற்கிறீர்கள். சில கட்டங்கள் தள்ளி ஒரு காவலாளி முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். கையில் சோகாம் துப்பாக்கி, நிகிடா ஏவுகணை, ஒரு ரேஷன். சோகாமால் சுட இன்னும் கொஞ்சம் கிட்டே போக வேண்டும், போவதற்கு ஒரு கார்டைப் பலி கொடுக்க வேண்டும். ரேஷனைக் கொடுத்தால் பின்னால் அடிபடும்போது மருந்து இருக்காது. நிகிடாவைக் கொடுக்க மனசே வராது. சுவரைத் தட்டி அவனைத் திசை திருப்பவும் செய்யலாம், ஆனால் அவன் வரும் வழியில் நாம் நிற்கக் கூடாது. டர்னை முடிக்கும்போது எந்தப் பக்கம் முகத்தை வைத்து நிற்பது என்பதையும் நாம்தான் சொல்ல வேண்டும். இவ்வளவு யோசனையும் ஒரே ஒரு காவலாளிக்காக. இந்தச் சுகம் இரண்டு பாகத்திலும் குறைவில்லாமல் இருக்கிறது, அதனால் இதை வைத்து ஒன்றைத் தூக்கிப் பேச முடியாது.

கதையில் முதல் பாகத்துக்குத்தான் என் ஓட்டு. ஒரு விமானம் கடத்தப்படுகிறது, அதில் அமெரிக்க அதிபர் தேர்தலில் நிற்கும் ஒரு செனட்டர் இருக்கிறார், எல்சி, பிரான்சிஸ் என்ற இரண்டு பொம்மைகள் பயணிகளை ஆட்டிப்படைக்கின்றன. லோபிட்டோ தீவிலுள்ள ஆய்வுக்கூடத்துக்குள் போய் பிதாகரஸ் என்பதைக் கொண்டுவர வேண்டும். ஸ்னேக் தான் யார் என்பதையே சந்தேகிக்கும் இடம் வரை அது போகிறது. பொம்மைகள் பேசும் காட்சிகளில் உண்மையிலேயே முதுகு சிலிர்த்தது. இரண்டாம் பாகத்தில் ஸ்னேக்குக்கு நினைவே இல்லை, வீனஸ் என்ற துணை வருகிறாள், கதை வேகமாக ஓடுகிறது. மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் முடித்த பிறகு மனசில் தங்கியது முதல் கதைதான்.

திரையில் தெரியும் கிராபிக்ஸ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முதலாவது சாம்பலும் இருட்டுமாக இருக்கும், இரண்டாவது காமிக்ஸ் புத்தகம் போலக் கனமான கோடுகளும் பளீர் நிறங்களுமாக இருக்கும். 4.3 அங்குலத் திரையில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று சட்டென்று தெரிவது இரண்டாவதில்தான். முப்பரிமாணத்துக்காக அதனுடன் கொடுத்த சாலிட் ஐ என்ற மடிக்கும் அட்டைப்பெட்டியும் இருக்கிறது. பிஎஸ்பியை அதற்குள் செருகி இரண்டு லென்ஸ் வழியாகப் பார்க்க வேண்டும். திரை இடக்கண்ணுக்குப் பாதி, வலக்கண்ணுக்குப் பாதி என்று பிரிந்துவிடும். ஆழம் தெரிவது நிஜம், ஆனால் ஏற்கெனவே 480 புள்ளி அகலம்தான் உள்ள திரையைப் பாதியாக்கினால் எழுத்தைப் படிப்பதே வேலையாகிவிடும். கார்டில் உள்ள எழுத்தைப் படித்து முடிவெடுக்கும் ஆட்டத்துக்கு அது ஒத்துவராது. பழைய பிரதி வாங்குகிறவர்கள் அந்தப் பெட்டி இல்லையே என்று வருத்தப்பட வேண்டாம்.

சரி, இனி என் காரணத்துக்கு வருகிறேன். டெக்கை, அதாவது ஆட்டத்துக்கு நாம் எடுத்துப்போகும் கார்டுக் கட்டை, பராமரிப்பது.

ஆசிட்டில் நாம் பாதி நேரம் காவலாளிகளோடு விளையாடுகிறோம், மீதி நேரம் நம் டெக்கோடு. ஆட்டத்தின் ஒரு கட்டத்தை (ஸ்டேஜை) முடித்தால் புள்ளிகள் கிடைக்கும், அதை வைத்துக் கார்டு பாக்கெட் வாங்கலாம். உள்ளே என்ன இருக்கும் என்று பிரித்தால்தான் தெரியும். முதல் பாகத்தில் 200க்கு மேல் கார்டுகள். பழைய மெட்டல் கியர் கேம்களின் ஆயுதங்கள், கருவிகள், ஆட்கள் எல்லாம் கார்டாக வருகிறார்கள். ஆரம்பத்தில் ஒவ்வொரு பாக்கெட்டும் தீபாவளிதான். பிரச்சினை நடுவில் தொடங்குகிறது.

நடுவில் எதிரிகள் கெட்டிப்பட்டுவிடுவார்கள். தொடக்கத்தில் உங்களைக் காப்பாற்றிய கார்டுகள் போதாமல் போகும். அவற்றைத் தூக்கிவிட்டுப் பெரியவற்றைப் போடலாம், ஆனால் பெரியவற்றின் காஸ்ட்டும் பெரிது. டெக்கில் கனமான கார்டுகள் கூடக் கூட, கை நிறைய அருமையான ஆயுதங்களை வைத்துக்கொண்டு முறைக்காகக் காத்து நிற்க வேண்டியிருக்கும். இரண்டையும் கலந்து வைத்தாலோ, வேண்டிய நேரத்தில் வேண்டியது வராது. ரம்மியில் ஜோடி சேராத சீட்டுகள் கையில் தங்குவது போலத்தான். முதல் பாகத்தில் இதற்கு ஒரே மருந்து, மேலும் பாக்கெட் வாங்குவது. அதாவது அதிர்ஷ்டத்தை நம்புவது. வாங்க வாங்க ஏற்கெனவே இருப்பதே திரும்ப வரும். கதையில் ஸ்னேக்குக்குத் துணையாக டெலிகோ என்ற பெண் சேர்ந்த பிறகு அவளுக்கும் ஒரு டெக் கட்ட வேண்டும், சிக்கல் இரட்டிப்பாகிவிடும். கையில் புள்ளி இருந்தும், டெக்கில் எது பலவீனம் என்று தெரிந்தும், அதை நேராகச் சரிசெய்ய வழியில்லை.

இரண்டாம் பாகத்தில் கார்டுகள் 500ஐத் தாண்டின. விளம்பரத்துக்கு நல்ல எண். ஆனால் யோசித்துப் பாருங்கள், மற்றதெல்லாம் அப்படியே இருந்து எண்ணிக்கை மட்டும் கூடியிருந்தால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும். தேடும் கார்டு பாக்கெட்டில் வருவதற்கான வாய்ப்பு குறையும், வேண்டாதது குவியும். "கார்டு அதிகம், அதனால் இரண்டாவது நல்லது" என்று சொல்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாத இடம் இதுதான். இரண்டாம் பாகத்தைத் தூக்கி நிறுத்துவது கார்டை மேம்படுத்தும் வசதி. வைத்திருக்கும் கார்டின் மேல் புள்ளிகளைச் செலவழித்து அதன் திறனைக் கூட்டலாம்.

கேட்கச் சின்ன விஷயம் போலத் தெரியும். விளையாடும்போது கணக்கே மாறிவிடுகிறது. கட்டம் முடிந்து புள்ளிகள் வந்ததும் முதல் பாகத்தில் கேள்வியே கிடையாது, பாக்கெட்தான். இரண்டாவதில் அங்கேயே ஒரு நிஜமான முடிவு காத்திருக்கிறது. தெரியாத புதுக் கார்டா, தெரிந்த பழைய கார்டா? அடிக்கடி கைக்கு வந்து, அடிக்கடி காப்பாற்றும் ஒரு சாதாரணக் கார்டை உயர்த்தினால், அது வரும் ஒவ்வொரு முறையும் பலன். எப்போதோ ஒருமுறை வரும் பெரிய ஆயுதத்தை உயர்த்தினால், அந்த ஒருமுறை மட்டும் பலன். இதை யோசிக்க ஆரம்பித்த பிறகுதான் என் டெக்கில் எது உழைக்கிறது, எது சும்மா உட்கார்ந்திருக்கிறது என்று கவனித்துப் பார்க்கத் தொடங்கினேன். டெக் தானாகவே மெலிந்தது. அலங்காரத்துக்கு வைத்திருந்தவை வெளியே போயின. எந்தக் கார்டு எப்போது வரும் என்பதில் ஓரளவு கணிப்பு வந்தது. கணிப்பு வந்தால்தான் ஒளிந்து விளையாடுவதற்கே அர்த்தம். அடுத்து என்ன வரும் என்று தெரியாதவனால் திட்டம் போட முடியாது, கைக்கு வந்ததை வைத்துச் சமாளிக்கத்தான் முடியும்.

இதில் பாசமும் சேர்ந்திருக்கிறது. இந்தத் தொடரை ஆரம்பத்திலிருந்து விளையாடி வந்தவர்களுக்குச் சில கார்டுகள் வெறும் எண்கள் அல்ல. பழைய கேமில் நம்மைக் கலங்கவைத்த ஒரு முகம் கார்டில் இருக்கும். முதல் பாகத்தில் அது பலன் தராமல் போகும் நாளில், மனசைக் கல்லாக்கிக்கொண்டு டெக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும். இரண்டாவதில் பிடித்த கார்டைக் கைவிடாமல் வளர்த்துக்கொண்டே போகலாம். வாங்கிச் சேர்ப்பது ஒரு சந்தோஷம், வளர்ப்பது வேறு சந்தோஷம். மறுபடி ஆரம்பிக்க இரண்டாம் பாகத்தை நான் எடுத்ததற்கு இதுதான் முழுக் காரணம்.

முதல் பாகத்தின் பக்கம் நிற்பவர்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருப்பார்கள், அது நியாயமான பதிலும்கூட. கார்டை வளர்க்க முடியாததால்தான் முதலாவதில் கடைசி வரை பயம் இருக்கிறது, கையில் வந்ததை வைத்துப் பிழைப்பதுதான் ஸ்டெல்த், அதாவது ஒளிந்து விளையாடுவது, என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது. இரண்டாவதின் கடைசிப் பகுதியில், நன்றாகத் தேற்றிய டெக்கை வைத்துக்கொண்டு நான் ஒளிவதைவிட அடிப்பதே அதிகமாகிவிட்டது. ஒளிந்திருப்பதன் பதற்றம்தான் உங்களுக்கு முக்கியம் என்றால், முதல் பாகம் உங்களை ஏமாற்றாது. எனக்கோ அந்தப் பதற்றம் நடுப்பகுதிக்குப் பிறகு அலுப்பாக மாறியது, ஏனென்றால் தோற்றால் காரணம் என் முடிவா, பாக்கெட்டா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

இரண்டாவதில் அரீனா என்று ஒரு தனிப் பகுதியும் உண்டு. பழைய கேம்களின் பெரிய எதிரிகளோடு நேருக்கு நேர் மோதலாம். கதை முடிந்த பிறகும் டெக்கைச் சோதித்துப் பார்க்க அது நல்ல இடம். மேம்படுத்திய கார்டு உண்மையில் உதவுகிறதா என்று அங்கே உடனே தெரிந்துவிடும். இரண்டு பிஎஸ்பிகளை இணைத்து இருவர் ஆடுவது பற்றி என்னால் உறுதியாக எதுவும் சொல்ல முடியாது. அதை நான் ஆடியது மிகக் கொஞ்சம். டெக்கை நன்கு தேற்றியவர்கள் இருவர் மோதினால் எப்படி இருக்கும் என்பதை அதில் ஊறியவர்கள்தான் சொல்ல வேண்டும்.

வாங்கப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவும். இரண்டுமே பிஎஸ்பிக்கென்றே இருந்த யுஎம்டி என்ற சின்ன வட்டில் வந்தவை. பிஎஸ்பிக்கு அடுத்து வந்த பிஎஸ் வீட்டாவில் யுஎம்டி போடும் இடமே கிடையாது, ஆகவே வட்டு கையில் இருந்தால் யுஎம்டி ஓடும் பிஎஸ்பிதான் தேவை. இரண்டு வட்டும் கிடைத்தால் முதல் பாகத்திலிருந்தே தொடங்குங்கள். அந்தக் கதைக்காகவும், கார்டை வளர்க்க வழியில்லாமல் ஒரு ஆட்டம் முழுக்கத் தவித்த பிறகுதான் இரண்டாவதில் கிடைக்கும் வசதியின் அருமை புரியும் என்பதற்காகவும். ஒன்றுதான் கிடைக்கும் என்றால் இரண்டாவதை எடுங்கள். கதைகள் தனித்தனி, முதலாவதை விளையாடாமலே இரண்டாவது புரியும். எடுத்தவுடன் முதல் சில கட்டங்களின் புள்ளிகளை எல்லாம் பாக்கெட்டிலேயே கொட்டிவிடாமல், அடிக்கடி கைக்கு வரும் இரண்டு மூன்று கார்டுகளுக்கென்று கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள்.