மெமரி கார்டு வாங்கினால் ஒருமுறை முழுதாக நிரப்பிப் பாருங்கள்

சொந்தமாகப் புகைப்படத் தொழில் தொடங்கி ஒரு வருடம் முடிகிறது. தொடங்கும்போது எல்லாரும் வாடிக்கையாளரைப் பற்றித்தான் பயமுறுத்தினார்கள். பேரம் பேசுவார்கள், மிச்சப் பணத்தை இழுத்தடிப்பார்கள் என்று. அப்படியும் ஒன்றிரண்டு பேர் வந்தார்கள், பேசித் தீர்த்துக்கொண்டோம். பெரிய அடி விழுந்தது எனக்குப் பொருள் விற்றவரிடமும், அந்தப் பொருளால் வந்த சேதத்தைச் சரிசெய்து தருகிறேன் என்றவரிடமும்தான்.

விஷயம் 128 ஜிபி என்று பொய் சொன்ன ஒரு போலி மெமரி கார்டு. ஆன்லைனில் வாங்கியது. விற்பனையாளருக்கு நல்ல மதிப்பெண்கள், உறை பளபளப்பு, சீல் பிரிக்கப்படவில்லை, பெரிய நிறுவனத்தின் பெயர், மேலே எழுதும் வேகத்தைக் குறிக்கும் வி30 முத்திரை. கணினியில் போட்டால் 119 ஜிபி என்று காட்டியது. அசல் 128 ஜிபி கார்டும் விண்டோஸில் அப்படித்தான் காட்டும், அதனால் சந்தேகப்பட வழியே இல்லை. கேமராவில் ஃபார்மேட் ஆனது, படம் எடுத்தது, படம் காட்டியது. சின்னச் சின்ன வேலைகளுக்கு அதைத்தான் போட்டேன். ஒவ்வொரு வேலை முடிந்ததும் படங்களைக் கணினிக்கு மாற்றிவிட்டு ஃபார்மேட் செய்வது வழக்கம். எந்த வேலையிலும் கார்டு பாதிகூட நிரம்பவில்லை. இதற்குள் திருப்பி அனுப்பும் கெடுவும் முடிந்துவிட்டது. இந்த மோசடி நிற்பதே அந்த இடைவெளியில்தான்.

அப்புறம் ஒரு திருமண வேலை வந்தது. காலையிலிருந்து இரவு வரை ரா கோப்புகளாக, அதாவது கேமரா பதிவு செய்ததைச் சுருக்கிக் குறைக்காமல் வைத்திருக்கும் பெரிய கோப்புகளாக, எடுத்தேன். 24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு ரா கோப்பு ஏறத்தாழ 30 எம்பி. அந்தக் கார்டுக்குள் உண்மையில் இருந்தது 16 ஜிபி மட்டுமே என்று பிறகு தெரிந்தது. கணக்குப் போட்டால் ஐந்நூற்றுச் சொச்சம் படங்கள். அதற்கு மேல் எடுத்ததெல்லாம் போன இடம் தெரியவில்லை. எடுத்த கையோடு கேமரா திரையில் ஒவ்வொரு படமும் அழகாகத்தான் வந்தது. ஏனென்றால் எடுத்தவுடன் திரையில் தெரியும் படம் கேமராவின் சொந்த நினைவகத்திலிருந்து வருவது, கார்டிலிருந்து படித்துக் காட்டுவது அல்ல.

போலிக் கார்டு செய்கிறவர்கள் உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுச் சிப்பை மாற்றி எழுதி, கொள்ளளவைப் பொய்யாகச் சொல்ல வைக்கிறார்கள். உண்மையான இடம் தீர்ந்ததும் சில கார்டுகள் வருவதையெல்லாம் வாங்கி ஒன்றுமில்லாமல் விட்டுவிடும். சில கார்டுகள் பழைய படங்களின் மேலேயே புதியதை எழுதும். இரண்டிலும் கேமராவுக்கு எந்த எச்சரிக்கையும் வராது. ஆனால் கோப்புகளின் பெயர், அளவு, நேரம் எல்லாம் கார்டின் தொடக்கத்தில் ஒரு அட்டவணையில் பதிவாவதால் அவை பெரும்பாலும் பத்திரமாக இருக்கும். வருகைப் பதிவேட்டில் எல்லார் பெயரும் இருந்தும் வகுப்பில் ஆள் இல்லாத நிலை. இரவில் கணினியைத் திறந்தபோது கோப்புகள் வரிசையாக, சரியான அளவோடு நின்றன. முன்பகுதிப் படங்கள் திறந்தன. நடுவில் ஒரு படத்தில் மணப்பெண்ணின் நெற்றி வரை இருந்தது, அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். அதற்குப் பிறகு ஒன்றுமே திறக்கவில்லை.

விற்பனையாளருக்கு எழுதினேன். முதல் பதில், "ஃபார்மேட் செய்து பாருங்கள், சரியாகிவிடும்." ஆதாரத்தை அழிக்கச் சொல்கிறார் என்பது அப்போதே உறைத்தது. அடுத்த பதில், கேமராவில்தான் கோளாறு இருக்கும் என்று. அதன் பிறகு பதிலே இல்லை.

இதைவிட எரிச்சலான ஆள் அடுத்து வந்தவர். அழிந்த தரவை மீட்டுத் தரும் நிறுவனம் என்று விளம்பரம். கார்டை அனுப்பினேன், "பரிசோதனைக் கட்டணம்" முன்பணமாகக் கட்டினேன். இரண்டொரு நாளில் ஒரு நீளமான பட்டியல் அனுப்பினார். கோப்புப் பெயர், அளவு, எடுத்த நிமிடம் எல்லாம் கனகச்சிதம். "பெரும்பாலானவை மீட்கக்கூடிய நிலையில் உள்ளன, மிச்சப் பணத்தைக் கட்டினால் வேலையைத் தொடங்குகிறோம்." அந்த அட்டவணையைத்தான் பிரதி எடுத்து அனுப்பியிருக்கிறார்! போலிக் கார்டில் எழுதப்படாத தரவை உலகத்தில் யாராலும் மீட்க முடியாது. திறந்து பார்க்கக்கூடிய படங்களாக நான்கைந்து மாதிரி அனுப்புங்கள் என்று கேட்டேன். வந்தவை எல்லாம் என்னிடம் ஏற்கெனவே திறந்த முன்பகுதிப் படங்கள். கட்டணம் திரும்ப வரவில்லை, கார்டு மட்டும் வந்தது.

மணமக்கள் வீட்டாரிடம் உள்ளதைச் சொன்னேன். இரண்டாவது கேமராவில் உதவியாளர் எடுத்தவையும் என் கார்டில் பிழைத்தவையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு, வாங்கியதில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்தேன். அவர்கள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்கள் செய்ய வேண்டியது இதுதான். கார்டு வாங்கிய அன்றே, திருப்பி அனுப்பும் கெடு இருக்கும்போதே, முழுதாக நிரப்பிச் சோதியுங்கள். விண்டோஸுக்கு ஹெச்2டெஸ்ட்டபிள்யூ, மேக்குக்கும் லினக்ஸுக்கும் எஃப்3 என்று இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. கார்டின் கடைசி மூலை வரை எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிட்டுச் சொல்லும். 128 ஜிபி கார்டுக்கு எழுதவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம், போட்டுவிட்டு வேறு வேலை பாருங்கள். ஃபார்மேட் செய்து பார்ப்பது சோதனையே அல்ல, அது வழக்கமாக அட்டவணையை மட்டும்தான் புதிதாக எழுதும். கேமராவில் இரண்டு கார்டு போடும் வசதி இருந்தால் ஒரே படம் இரண்டிலும் பதிவாகும்படி வையுங்கள், இரண்டையும் ஒரே இடத்தில் வாங்காதீர்கள்.

இன்னொன்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நேரில் வராமல், தொலைபேசியில் பேசாமல், மின்னஞ்சலில் மட்டும் ஒருவர் பெரிய வேலைக்கு அழைத்தார். பேசிய தொகையைவிடக் கூடுதலாகக் காசோலை அனுப்புவதாகவும், மிச்சத்தை விழா ஏற்பாட்டாளருக்கு நான் அனுப்பிவிட வேண்டும் என்றும் சொன்னார். காசோலை கணக்கில் வரவாகக் காட்டிய பிறகும் போலி என்று திரும்பி வரலாம், அதற்குள் நாம் அனுப்பியது போனதுதான். புகைப்படக்காரர்களைக் குறிவைத்து நெடுநாளாக நடக்கும் ஏமாற்று இது. முடியாது என்றேன், ஆள் அதோடு காணாமல் போனார்.

கார்டு விற்றவரின் கடைப்பக்கம் இப்போது இல்லை. ஆனால் அதே கார்டு, அதே கோணத்தில் எடுத்த அதே படத்தோடு, வேறு கடைப் பெயரில் விற்பனையில் இருக்கிறது. சோதனை முடிவின் படத்தோடு அந்தத் தளத்தில் புகார் கொடுத்திருக்கிறேன்.