ஃபெய்ஜ்வாடா செய்யப் போறீங்களா, சாமானை போல்யாவ் மார்க்கெட்ல வாங்குங்க

போன வாரம் ரெண்டாவது தடவையா வீட்ல ஃபெய்ஜ்வாடா, அதாவது பீன்ஸும் பன்னிக்கறியும் போட்ட கொழம்பு, செஞ்சேன். மொதல் தடவை பக்கத்து சூப்பர்மார்க்கெட் ஒண்ணுல டின் பீன்ஸும் பாக்கெட் சாசேஜும் வாங்கிட்டு வந்து செஞ்சது, கலரெல்லாம் செவசெவன்னு நல்லாத்தான் வந்துச்சு, ஆனா வாயில வெச்சா புகை வாசமே இல்ல, தண்ணி ஒரு பக்கம் பீன்ஸ் ஒரு பக்கமா நின்னுச்சு. இந்தத் தடவை எல்லாத்தையும் போர்ச்சுகல்ல போர்ட்டோ ஊர்ல இருக்கற போல்யாவ் மார்க்கெட்ல வாங்குனேன். அதே அடுப்பு, அதே பாத்திரம், ஆனா ருசி பல மடங்கு நல்லா வந்துச்சு.

மார்க்கெட் ஊருக்கு நடுவுல, அதே பேர்லயே மெட்ரோ ஸ்டேஷன் இருக்கு. 1914ல வந்த கட்டடம், 2018ல மூடி ரிப்பேர் வேலை ஆரம்பிச்சு 2022 செப்டம்பர்லதான் திரும்பத் தொறந்தாங்க, அதுவரைக்கும் கடைக்காரங்க பக்கத்துல ஒரு மால்ல கீழ்த்தளத்துல வியாபாரம் பண்ணிட்டு இருந்தாங்க. ஞாயித்துக்கிழமை லீவு, காலையில சீக்கிரமே போயிடுங்க.

ஃபெய்ஜ்வாடான்னா நெறைய பேருக்கு பிரேசில்காரங்க கறுப்பு பீன்ஸ்ல செய்யறதுதான் ஞாபகம் வரும். நான் சொல்றது போர்ச்சுகல் வடகிழக்கு மலைப்பக்கம், ட்ராஸ்-ஓஸ்-மோன்டெஸ் ஊர்க்காரங்க செய்யறது. அதுக்கு சிவப்பு பீன்ஸ், நம்ம ராஜ்மா ஜாதிதான். அங்க குளிர்காலத்துல வீட்ல வளத்த பன்னிய வெட்டி, காது, மூஞ்சி, கால் இதையெல்லாம் உப்புல போட்டு வெச்சுப்பாங்க, நல்ல கறிய பூண்டு, ஒயின், மிளகாப்பொடி போட்டு ஊறவெச்சு குடல்ல அடைச்சு அடுப்புக்கு மேல தொங்கவிட்டு விறகுப் புகையிலயே பதப்படுத்துவாங்க. இப்படிப் புகையில போட்டதுக்கு மொத்தமா ஃபுமெய்ருன்னு பேரு. இந்தக் கொழம்போட உயிரே அதுலதான் இருக்கு, அதுல மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீங்க ப்ளீஸ்.

கறிக்கடையில எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், ஃபெய்ஜ்வாடாவுக்குன்னு சொன்ன உடனே கடைக்காரம்மா எத்தனை பேருக்குன்னு கேட்டாங்க. நாலு பேருக்குன்னேன். ஒரு காது, நீளவாக்குல பொளந்த ஒரு கால், கொஞ்சம் வயித்துப்பக்கத்துக் கறி, அவ்ளோதான், அதுக்கு மேல வேணாம்னுட்டாங்க. உப்புல போட்டதை ராத்திரி பூரா தண்ணியில வெச்சு நடுவுல தண்ணி மாத்தச் சொல்லி ரெண்டு தடவை ஞாபகப்படுத்துனாங்க. பாக்கெட்ல வாங்குனா இதை யாரு சொல்லுவா?

சாசேஜ் கடையில ஷொரீசு, சல்பிகாவ் ரெண்டும் வாங்குனேன். ஷொரீசு மெலிசா கொழுப்போட இருக்கும், கொழம்புக்கு எண்ணெயும் கலரும் அதுதான் குடுக்கும். சல்பிகாவ் தடிமனா, முதுகுப்பக்கத்து நல்ல கறித்துண்டுங்களா இருக்கும். வின்யாய்ஸ் ஊர் சல்பிகாவ் கெடைச்சா விடாதீங்க, பீசரோங்கற அந்த நாட்டுப் பன்னியில செய்யறது, ஊர் பேருக்கு ஐரோப்பாவுல சட்டப் பாதுகாப்பே இருக்கு.

இனி சமையல். அரை கிலோ பீன்ஸை 12 மணி நேரம் ஊறவெச்சு, அந்தத் தண்ணிய கொட்டிட்டு புதுத்தண்ணியில வேக வைங்க. மொதல்ல ஒரு பத்து நிமிஷமாவது தளதளன்னு கொதிக்கணும், சிவப்பு பீன்ஸ் அரைவேக்காடா இருந்தா வயித்தைப் புரட்டி எடுத்துடும், அதனால நேரா ஸ்லோ குக்கர்ல போடாதீங்க. இன்னொரு பாத்திரத்துல காதும் காலும் போட்டு கத்தி சுலபமா எறங்கற வரைக்கும் வேகட்டும், கடைசி அரை மணி நேரத்துல சாசேஜை முழுசா அதுலயே போட்டு வேகவெச்சு அப்புறமா வட்டமா நறுக்குங்க. அந்தத் தண்ணிய கீழ கொட்டிடாதீங்க, ருசி பூரா அதுலதான் எறங்கியிருக்கும். ஆலிவ் ஆயில்ல வெங்காயம், பூண்டு, லாரல் இலை (பே லீஃப்), கொஞ்சம் தக்காளி வதக்கி, கேரட், வெந்த சிவப்பு பீன்ஸ், நறுக்குன கறி எல்லாம் போட்டு அந்தத் தண்ணிய ஊத்தி சின்னத் தீயில விடுங்க, கடைசி கால் மணி நேரத்துல சுருக்கம் சுருக்கமா இருக்கற அந்த ஊர் கோஸைப் போடுங்க. உப்பு கடைசியில பாத்துப் போட்டா போதும், கறியிலயே இருக்கு.

கால்ல இருக்கற பசையெல்லாம் எறங்கி கொழம்பு தானா கெட்டியாயிடுச்சு, மாவு எதுவும் சேக்கல. வெள்ளைச் சோறுதான் இதுக்கு ஜோடி. ராத்திரி நாங்க நாலு பேரும் சாப்பிட்டு மீந்ததை மறுநாள் மதியம் சூடு பண்ணி சாப்பிட்டோம், முந்தின நாளைவிட புகை வாசம் பீன்ஸுக்குள்ள நல்லா எறங்கியிருந்துச்சு. அடுத்த சனிக்கிழமை திரும்பப் போறேன், ஷொரீசு இன்னும் ஒண்ணு கூட வாங்கணும்.