நியூ மெக்சிகோ எல்க் வேட்டை: அவுட்ஃபிட்டருக்குக் கொடுத்த காசில் எதை வாங்கினேன்?

முதலில் மதிப்பெண். காட்டில் கூட வந்து வழிகாட்டிய கைடுக்கு ஐந்துக்கு ஐந்து, முகாமுக்கு நாலு, அலுவலகத்துக்கு ஒன்றரை. அவுட்ஃபிட்டர் என்றால் காசு வாங்கிக்கொண்டு வேட்டைப் பயணத்தை ஏற்பாடு செய்து தருபவர். அவருடைய பெயரைப் போடவில்லை. என் குறையில் பாதி அவர்மேல் என்றால் மீதி அந்த மாநிலச் சட்டத்தின்மேல். பெயரைச் சொல்லிவிட்டால் அந்த மீதிப் பாதியை யாரும் படிக்க மாட்டார்கள்.

டெக்சாஸில் வேட்டைக்குப் போகிறவர்களுக்கு, வேட்டை அனுமதியைக் குலுக்கல் போட்டுக் கொடுக்கும் சமாச்சாரம் கொஞ்சம் புதிது. இங்கே நிலம் பெரும்பாலும் தனியாருடையது. நிலக்காரரிடம் குத்தகை பேசிவிட்டால் மான் வேட்டைக்கு வேறு பெரிய தடை இல்லை. எல்க் என்ற பெரிய மான் வேண்டுமென்றால் மேற்கே போக வேண்டும். அங்கே அரசாங்கக் காடு கண்ணுக்கெட்டிய தூரம் கிடக்கிறது, ஆனால் டேக் என்ற வேட்டை அனுமதிச் சீட்டு குலுக்கலில் விழாமல் ஒன்றும் நடக்காது. நியூ மெக்சிகோவில் வருடா வருடம் பாயிண்ட் சேர்த்து வாய்ப்பைக் கூட்டிக்கொள்ளும் முறையும் கிடையாது. பல வருடமாக விண்ணப்பிப்பவரும் இந்த வருடம்தான் முதல்முறை போடுபவரும் ஒரே நிலையில்தான். மார்ச்சில் விண்ணப்பம், அப்புறம் கணினி பார்த்துக்கொள்ளும்.

குலுக்கல் எல்லோருக்கும் பொதுவா என்றால், இல்லை. டேக்கில் 84 சதவீதம் அந்த மாநிலத்தவருக்கு. 10 சதவீதம் முன்கூட்டியே அவுட்ஃபிட்டரோடு ஒப்பந்தம் போட்டவர்களுக்கு. மிச்சம் 6 சதவீதம் தனியாக வரும் வெளிமாநிலத்தவருக்கு. ஒரு வேட்டைக்கு 50 டேக் என்று வைத்துக்கொண்டால் 42, 5, 3. அந்த மூன்றுக்குத்தான் என்னைப் போன்றவர்கள் நாடு முழுவதிலிருந்தும் அடித்துக்கொள்கிறோம்.

ஆகவே அவுட்ஃபிட்டர் முதலில் விற்பது வழிகாட்டுதலை அல்ல, வரிசையில் ஓர் இடத்தை. கோயிலில் சிறப்பு தரிசனச் சீட்டு வாங்குவது போலத்தான். அந்த வரிசையிலும் கூட்டம் நிரம்பி வழிந்தால் காசு கொடுத்ததற்குப் பலன் குறைவு. ஹீலா தேசிய வனப் பகுதியிலுள்ள 15, 16 எண் யூனிட்கள் (வேட்டைக்காகப் பிரித்த பகுதிகள்) எல்லோருக்கும் தெரிந்தவை, எல்லோரும் கேட்பவை. போதாததற்கு இந்த 10 சதவீத வரிசையில் உள்மாநிலத்தவரும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு நிற்கலாம். எந்த வேட்டைக்கு எத்தனை பேர் போட்டார்கள், எத்தனை பேருக்கு விழுந்தது என்ற பழைய கணக்கை மாநில வனவிலங்குத் துறையே வெளியிடுகிறது. முன்பணம் கட்டுவதற்கு முன் அதைப் பாருங்கள். அவுட்ஃபிட்டர் அலுவலகத்தில் "சான்ஸ் ரொம்ப நல்லா இருக்கு" என்று மட்டும்தான் சொல்வார்கள்.

இனி என் கதை. ஐந்து நாள் வேட்டைக்கு 7,500 டாலர். உரிமக் கட்டணமும் டிப்ஸும் தனி. நான் கேட்டது செப்டம்பர் வில் வேட்டை. எல்க் இணைசேரும் பருவம் அது. ஆண் எல்க் குரல் கொடுத்துக்கொண்டே தானாக உங்களைத் தேடி வரும். விண்ணப்பத்தை நாங்களே போட்டுவிடுகிறோம் என்றார்கள். போட்டார்கள். ஒரு விண்ணப்பத்தில் மூன்று வேட்டைகளை வரிசையாகக் கேட்கலாம். முதல் தேர்வு நான் சொன்னது. இரண்டாவது இடத்தில் அக்டோபர் ரைஃபிள் வேட்டையை அவர்களே நிரப்பியிருந்தார்கள். எனக்கு விழுந்தது அதுதான்.

நியூ மெக்சிகோ முறையில் இரண்டாவது தேர்வு என்பது சும்மா நிரப்பும் கட்டம் இல்லை. கணினி ஒரு விண்ணப்பத்தை எடுத்தால் அதன் முதல், இரண்டாவது, மூன்றாவது தேர்வுகளை வரிசையாகப் பார்த்து முடித்துவிட்டுத்தான் அடுத்தவரிடம் போகும். எதில் இடம் இருக்கிறதோ அது உங்கள் தலையில். அவுட்ஃபிட்டருக்கு செப்டம்பரில் ஆள் பஞ்சம் இல்லை. அக்டோபரில் முகாம் காலியாகக் கிடக்கக் கூடாது என்பதுதான் கவலை. என் விண்ணப்பத்தில் அவருடைய காலண்டர் நிரம்பியது. கேட்டதற்கு, ஒப்பந்தத்தில் "எந்தத் தேர்வில் டேக் விழுந்தாலும் முன்பணம் திருப்பித் தரப்படாது" என்ற வரியைக் காட்டினார்கள். அந்த ஒன்றரை மதிப்பெண்கூட போனை எடுத்துப் பேசியதற்காகத்தான்.

வேட்டை? அது அருமை, பொய் சொல்லக்கூடாது. கைடுக்கு முப்பது வயதுகூட இருக்காது. பருவம் முடிந்து களைத்துப்போன ஆண் எல்க் வாயே திறக்காது. வடக்குச் சரிவில் அடர்ந்த மரங்களுக்குள் தண்ணீருக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்ளும். அவர் அதைத் தேடி அலையவில்லை. முக்காலியில் பைனாகுலரை மாட்டி, எதிர்ச் சரிவைக் கட்டம் கட்டமாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு மரம் மட்டும் தெரிந்த இடத்தில் அவருக்குக் காது தெரிந்தது. பக்கத்துக்கு ஐந்து கிளைக் கொம்பு, ஒரே குண்டு. சுட்ட பிறகுதான் அவருடைய உண்மையான திறமை. வயிற்றைத் திறக்காமலே தொடைகளையும் முதுகுச் சதையையும் பிரித்து, துணிப்பைகளில் போட்டு, இருட்டுவதற்குள் நிழலில் தொங்கவிட்டார். மறுநாள் கோவேறு கழுதைகளில் இறக்கினோம். வீடு வரும்வரை ஒரு துண்டுகூட வீணாகவில்லை. முகாமில் விறகு அடுப்போடு கித்தான் கூடாரம், சூடான சாப்பாடு. காப்பி மட்டும் வெறும் கறுப்புத் தண்ணீர்.

அந்தக் கைடு நியூ மெக்சிகோக்காரர். எங்களைப் போன்றவர்களைக் கூட்டிப்போகிற அதே யூனிட்டில் அவருக்கே இன்னும் டேக் விழவில்லை என்றார். அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் அந்த 10 சதவீதம் அவருக்குச் சம்பளமும் தருகிறது, டேக்கையும் எடுத்துக்கொள்கிறது.

2011-ல் சட்டம் மாறுவதற்கு முன் கணக்கு 78, 12, 10. மாற்றத்தில் உள்ளூர்க்காரர்களுக்கு 6 கூடியது. அதில் அவுட்ஃபிட்டர் தரப்பு விட்டுக்கொடுத்தது 2, தனியாக வருபவன் இழந்தது 4. அவுட்ஃபிட்டர்களுக்கு மாநிலத் தலைநகர் சான்டா ஃபேயில் போய்ப் பேச ஒரு சங்கம் உண்டு. வெளியூர்க்காரனுக்கு அங்கே ஓட்டே இல்லை. மற்ற மாநிலங்களிலும் இந்த வாடை அடிக்கிறது. வயோமிங்கில் கூட்டாட்சி அரசின் பாதுகாக்கப்பட்ட பெருங்காட்டுக்குள் வெளிமாநிலத்தவர் தனியாக மலையேறலாம், மீன் பிடிக்கலாம். எல்க் வேட்டை என்றால் மட்டும் கைடோ அனுமதி வாங்கிய உள்ளூர்க்காரரோ கூட வர வேண்டும். மொன்டானாவில் அவுட்ஃபிட்டருக்கென்று ஒதுக்கியிருந்த உரிமங்களை 2010-ல் மக்களே ஐ-161 வாக்கெடுப்பில் ஒழித்தார்கள். 2021-ல் சட்டமன்றம், அவுட்ஃபிட்டரிடம் முன்பதிவு செய்திருந்தவர்களுக்கு மறுபடி ஒரு வழி திறந்துவிட்டது. கூட்டாட்சி நிலம்தானே, கோர்ட்டுக்குப் போகலாமே என்றால் அதுவும் பழைய கதை. எல்க் வேட்டை அடிப்படை உரிமை அல்ல, வெளிமாநிலத்தவரிடம் அதிகக் கட்டணம் வாங்கலாம் என்று 1978-லேயே உச்ச நீதிமன்றம் மொன்டானா வழக்கில் சொல்லிவிட்டது. அந்த வழக்கைப் போட்டவர்களில் ஒருவர் அவுட்ஃபிட்டர் என்பது வேறு விஷயம்.

இந்தச் சேவையை வாங்கலாமா? காட்டை வேவு பார்க்க நேரமில்லை, இறைச்சியைச் சுமந்து இறக்க ஆள் இல்லை என்பவர்கள் தாராளமாக வாங்கலாம். டேக் கிடைக்கும் வாய்ப்புக்காக மட்டும் என்றால் அந்த யூனிட்டின் கணக்கைப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். வாங்குவதாக இருந்தால் வனவிலங்குத் துறையின் இணையதளத்தில் உங்கள் பெயரிலுள்ள கணக்கின் பாஸ்வேர்டை அவர்களிடமே விட்டுவிடாதீர்கள். கடைசித் தேதிக்கு முன் நீங்களே உள்ளே போய் மூன்று தேர்வுகளையும் பாருங்கள். நான் அடுத்த மார்ச்சில் 6 சதவீத வரிசையில், ஒரே ஒரு தேர்வோடு போடுகிறேன். விழுந்தால் அந்தக் கைடைத் தனியாகக் கூப்பிடலாமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.