ஊகமா, படமா, குச்சியா, சமன்பாடா? தொடக்க வகுப்பின் கேத்திரகணிதக் கணக்குகளுக்கு எந்த வழி பொருந்தும்

வேலியும் கதியாலும் வன்னிப் பிள்ளைகளுக்குப் புதியவை அல்ல. ஆகவே, "செவ்வக வடிவான ஒரு தோட்டத்தின் நீளம் அதன் அகலத்தைவிட 6 மீற்றர் கூடியது, அதனைச் சுற்றி ஒரு வரிசைக் கம்பி இழுக்க 44 மீற்றர் கம்பி தேவைப்பட்டது, நீளமும் அகலமும் எவ்வளவு?" என்று தரம் 5 வகுப்பில் கேட்கும்போது, கணக்கு எதைப் பற்றியது என்பதில் அவர்களுக்குக் குழப்பம் வருவதில்லை. எங்கிருந்து தொடங்குவது என்பதில்தான் கை நின்றுவிடுகிறது. அந்த இடத்தில் ஆசிரியரும் பெற்றோரும் கொடுக்கும் உதவி பெரும்பாலும் நான்கு வகையாக அமைகிறது: ஓர் எண்ணை ஊகித்துச் சரிபார்க்கச் சொல்வது, படம் வரைந்து பகுதிகளாகப் பிரிக்கச் சொல்வது, ஈர்க்கையோ நெருப்புக்குச்சியையோ கையில் கொடுத்து அடுக்கச் சொல்வது, அல்லது சமன்பாட்டை நேரடியாகச் சொல்லிக்கொடுப்பது. இவற்றுள் முதலாவது வழிதான் மிகவும் தாழ்வாக மதிக்கப்படுகிறது. "கணக்குத் தெரியாதவன்தான் குத்துமதிப்பாகச் சொல்லிப் பார்ப்பான்" என்ற எண்ணம் ஆசிரியர்களிடமும் உண்டு. அந்த மதிப்பீடு நியாயமானதன்று என்பதே என் கருத்து. ஆயினும் எல்லாக் கணக்குக்கும் ஊகம் ஏற்றது என்றும் நான் சொல்லவில்லை.

மேலே சொன்ன வேலிக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஒரு பிள்ளை அகலத்தை 5 மீற்றர் என்று ஊகிக்கிறது என்றால், நீளம் 11, சுற்றளவு 32. தேவையானது 44 என்பதால் 12 மீற்றர் குறைகிறது. அடுத்து அகலத்தை 6 என்று வைத்தால் நீளம் 12, சுற்றளவு 36. இப்போது 8 மீற்றர் குறைகிறது. இங்கே பலர் பிள்ளையை 7, 8 என்று தொடர விட்டுவிடுகிறார்கள். விடை வரும், ஆனால் படிக்கவேண்டியது கைநழுவிப் போகும். இரண்டு ஊகங்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி வைத்திருந்தால், அகலம் 1 மீற்றர் கூடியபோது சுற்றளவு 4 மீற்றர் கூடியது என்பது கண்ணில் படும். இன்னும் 8 மீற்றர் வேண்டும், ஒவ்வொரு தடவையும் 4 கிடைக்கிறது, ஆகவே இன்னும் 2 கூட்டினால் போதும். அகலம் 8, நீளம் 14. மூன்றாவது எண்ணை அந்தப் பிள்ளை ஊகிக்கவில்லை, கணித்தே கண்டுபிடித்தது. ஏன் 4 என்று கேட்டால், செவ்வகத்துக்கு நான்கு பக்கங்கள் இருக்கின்றன, நான்கும் ஒவ்வொரு மீற்றர் நீண்டன என்று பதில் வரும்போது, அது கேத்திரகணிதம் ஆகிவிடுகிறது.

இப்படி ஒரு பொய்யான எண்ணிலிருந்து தொடங்கி உண்மையை அடைவது மிகப் பழைய கணித முறை. கி.மு. 1550 அளவில் அஹ்மெஸ் என்ற எழுத்தர் படியெடுத்த எகிப்திய ஏடொன்றில், ஒரு தொகையும் அதன் ஏழில் ஒரு பங்கும் சேர்ந்தால் 19 என்ற கணக்கு இருக்கிறது. அவர் தொகையை 7 என்று வைத்துக்கொள்கிறார். ஏழில் ஒரு பங்கைச் சேர்த்தால் 8 வருகிறது. பிறகு 8 ஐ எத்தனை மடங்காக்கினால் 19 வரும் என்று பார்த்து, அதே மடங்கால் 7 ஐப் பெருக்குகிறார். இந்த உத்தி தொடக்க வகுப்புக்கும் எட்டும். நீளம் அகலத்தின் இருமடங்கு, சுற்றளவு 54 மீற்றர் என்ற கணக்கில் அகலத்தை 1 என்று வைத்தால் சுற்றளவு 6. 54 என்பது 6 இன் 9 மடங்கு. ஆகவே அகலம் 9, நீளம் 18. ஆனால் இது "மடங்கு" என்று வரும் கணக்குகளுக்கு மட்டுமே செல்லும். "6 மீற்றர் கூடியது" என்று வரும் கணக்கில் இதைப் போட்டால் பிழைக்கும் என்பதை ஆசிரியர் தெளிவாகச் சொல்லவேண்டும்.

இதே வேலிக் கணக்கைப் படத்தால் செய்தால் வேலை குறைவு. சிங்கப்பூரில் 1980களில் கல்வி அமைச்சு தொடக்க வகுப்புகளுக்குக் கொண்டுவந்த பட்டைப்பட முறையைப் போல, அகலத்தை ஒரு பட்டையாகவும், நீளத்தை அதே பட்டையுடன் 6 மீற்றர் துண்டொன்று ஒட்டியதாகவும் வரையலாம். நான்கு பக்கங்களிலும் நான்கு சம பட்டைகளும், மேலதிகமாக இரண்டு 6 மீற்றர்த் துண்டுகளும் இருக்கின்றன. 44 இலிருந்து 12 ஐக் கழித்தால் 32. நான்கால் வகுத்தால் 8. ஊகத்தில் எட்டிப்பார்த்த அதே 4 இங்கேயும் நிற்கிறது. இந்த வகைக் கணக்குக்கு என் வாக்கு படத்துக்குத்தான், குறிப்பாக விடை முழுவெண்ணாக வராதபோது. சுற்றளவு 30, நீளம் 4 மீற்றர் கூட என்றால், அகலம் 5 என ஊகிக்கும் பிள்ளைக்கு 28 உம், 6 என ஊகிக்கும் பிள்ளைக்கு 32 உம் வரும்; முழுவெண்கள் மட்டுமே விடையாகும் என்று நம்பும் பிள்ளை அங்கேயே சுற்றிச் சுற்றி நிற்கும். படம் வரைந்த பிள்ளையோ 22 ஐ 4 ஆல் வகுத்து ஐந்தரை என்று முடித்துவிடும். எனினும் படம் வரைவதற்கு எதை அடிப்படைப் பட்டையாக வைப்பது என்று முதலில் விளங்கவேண்டும். அது விளங்காத பிள்ளைக்கு வெறுந்தாள் வெறுந்தாளாகவே இருக்கும். ஊகிப்பதற்கு அந்த முன்னறிவு தேவையில்லை. இரண்டு ஊகங்களுக்குப் பிறகு படத்தை வரையச் சொன்னால், எதை வரைவது என்பது பிள்ளைக்குத் தானாகவே தெரிந்திருக்கும் என்பதால், இந்த இரண்டையும் எதிரிகளாக்குவதைவிட ஒன்றன்பின் ஒன்றாக வைப்பது நல்லது.

சமன்பாட்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வீட்டில் சாதாரண தரம் படிக்கும் அண்ணாவோ அக்காவோ இருந்தால், அகலத்தைத் தெரியாக் கணியமாக எடுத்து மூன்று வரிகளில் செய்து கொடுத்துவிடுகிறார்கள். தம்பி அதை அப்படியே கொப்பியில் பார்த்தெழுதிக்கொண்டு வருகிறான். விடை சரிதான், ஆனால் அடுத்த கணக்கில் அவன் தொடங்கிய இடத்திலேயே நிற்பான். சமன்பாடு இடைநிலை வகுப்புகளுக்கு உரியது. அங்கே போகும்போது, ஊகங்களை வரிசையாக எழுதிப் பழகிய பிள்ளைக்கு "அகலம் எதுவோ, நீளம் அதனிலும் 6 கூட" என்ற பேச்சு ஏற்கெனவே பழகியிருக்கும்.

ஊகித்துச் சரிபார்த்தல் மற்ற மூன்றையும் தெளிவாக வெல்லும் இடம் ஒன்று உண்டு. "மிளகாய் நாற்றுமேடை ஒன்றின் சுற்றளவு 24 மீற்றர், பரப்பளவு 32 சதுர மீற்றர், நீள அகலங்கள் எவை?" என்ற கணக்கைச் சமன்பாட்டால் செய்யப் போனால் இருபடிச் சமன்பாடு வரும், தொடக்க வகுப்புப் பிள்ளைக்கு அது எட்டாது. பட்டைப்படமும் இங்கே உதவாது, ஏனென்றால் இரண்டு நிபந்தனைகளில் ஒன்று கூட்டலைப் பற்றியது, மற்றது பெருக்கலைப் பற்றியது. ஊகிக்கும் பிள்ளையோ, நீளமும் அகலமும் சேர்ந்து 12 வரவேண்டும் என்று பிடித்துக்கொண்டு, 11 உம் 1 உம் என்றால் பரப்பளவு 11, 10 உம் 2 உம் என்றால் 20, 9 உம் 3 உம் என்றால் 27, 8 உம் 4 உம் என்றால் 32 என்று விடையில் வந்து நிற்கும். அங்கே நிறுத்தாமல், 7 உம் 5 உம், 6 உம் 6 உம் என்று இன்னும் இரண்டு வரி எழுதச் சொல்லவேண்டும் என்பது என் பரிந்துரை. 35 உம் 36 உம் வரும். சுற்றளவு மாறாமல் இருக்கும்போது பரப்பளவு மாறுகிறது என்பதையும், சதுரத்தில்தான் அது மிகக் கூடுதலாக இருக்கிறது என்பதையும், கூடுதல் 9, 7, 5, 3, 1 என்று ஒற்றை எண்களாகக் குறைந்து வருகிறது என்பதையும் பிள்ளை தன் கையெழுத்திலேயே பார்க்கும். சுற்றளவையும் பரப்பளவையும் ஒன்றோடொன்று மாற்றிக்கொள்ளும் பழக்கம் தொடக்க வகுப்புகளில் மிகவும் பரவலானது. அதற்கு இந்த ஆறு வரிகளைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியவில்லை. சுற்றளவு 24 என்பதற்காக 16 உம் 8 உம் என்று ஊகித்துவிடும் பிள்ளைகளும் இருப்பார்கள். அவர்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. நான்கு பக்கங்களையும் கூட்டிப் பார்க்கச் சொன்னால் 48 என்று வந்து, தவறு தானே வெளிப்படும்.

தாளில் ஊகம் ஏமாற்றும் இடமும் உண்டு, அங்கேதான் குச்சிகள் முந்துகின்றன. "12 நெருப்புக்குச்சிகளையும் உடைக்காமல் பயன்படுத்தி எத்தனை விதமான முக்கோணிகள் அமைக்கலாம்?" என்று கேட்டால், கூட்டி 12 வரும் மூன்று எண்களைப் பிள்ளை ஊகிக்கத் தொடங்கும், 1, 5, 6 கூடச் சரிபார்த்தலில் தேறிவிடும், ஏனெனில் கூட்டுத்தொகை 12 தானே. குச்சிகளை வைத்து அடுக்கினால் 5 உம் 1 உம் சேர்ந்து 6 இன் மேல் தட்டையாகப் படுத்துவிடும். 2, 3, 7 என்றால் முனைகள் சந்திக்கவே மாட்டா. இரண்டு பக்கங்கள் சேர்ந்து மூன்றாவதைவிடப் பெரிதாக இருக்கவேண்டும் என்ற விதி அங்கே கைகளுக்குத் தெரிகிறது. கூட்டி 12 வரும் பன்னிரண்டு சேர்க்கைகளில் முக்கோணியாக நிற்பவை மூன்று மட்டுமே: 2, 5, 5 உம், 3, 4, 5 உம், 4, 4, 4 உம். இவற்றுள் நடுவில் உள்ளது, வீட்டு அத்திவாரத்துக்கு மூலை பிடிக்கும்போது மேசன்மார் கயிற்றில் அளந்து வைக்கும் அதே செங்கோண முக்கோணி. இதைச் சொன்னால் கட்டுமான வேலைக்குப் போகும் அப்பாவையுடைய பிள்ளை நிமிர்ந்து உட்காரும். குச்சிகளின் குறை, எண்கள் பெரிதானால் அவை பயன்படாது என்பதுதான்.

ஒரே ஒரு அளவு மட்டும் தெரியாதபோது ஊகிப்பது நேரவிரயம். சுற்றளவு 40, நீளம் 12 என்றால் 24 ஐக் கழித்து இரண்டால் வகுப்பதை விட்டுவிட்டு எண்களைச் சொல்லிப் பார்க்க வேண்டியதில்லை. "பரப்பளவு 36 ஆக, பக்கங்கள் முழுவெண்களாக இருக்கும் செவ்வகங்கள் எத்தனை?" என்பது போன்ற கணக்கிலும் ஊகம் தனியே போதாது, 9 உம் 4 உம் கிடைத்தவுடன் பிள்ளை பென்சிலை வைத்துவிடும். 1, 2, 3, 4, 6 என்று அகலத்தை ஒழுங்காக ஏற்றிப் போனால்தான் ஐந்தும் கிடைக்கும்.

எந்த வழி எந்தக் கணக்குக்கு என்பதுடன், எந்த வகுப்பறைக்கு என்பதும் கேள்விதான். வன்னியின் உட்பகுதிகளில் ஓர் ஆசிரியர் இரண்டு தரங்களை ஒரே அறையில் வைத்துக் கற்பிக்கும் சிறிய பாடசாலைகள் உண்டு. தரம் 4 உடன் அவர் பேசிக்கொண்டிருக்கும்போது தரம் 5 தனியே வேலை செய்யவேண்டும். படமுறை தொடக்கத்தில் ஆசிரியர் பக்கத்தில் நிற்பதைக் கோருகிறது. ஊக அட்டவணை கோருவதில்லை. நீளம், அகலம், சுற்றளவு, கூடவா குறைவா என்று நான்கு நிரல்களைச் சதுரக் கொப்பியில் போட்டுக் கொடுத்துவிட்டால் பிள்ளை தானே முன்னேறும்; ஆசிரியர் திரும்பி வந்து பார்க்கும்போது, பிள்ளை எங்கே தடம் மாறியது என்பதை வரிகளிலேயே வாசிக்கலாம். இதற்கு ஒரே நிபந்தனை, அழிறப்பரைப் பைக்குள் வைக்கச் சொல்வது. பிழையான ஊகத்தை அழித்துவிட்டால் இரண்டாவது ஊகம் எதிலிருந்து வரும்? ஆசிரியரும் "பிழை" என்று கோடு போடுவதற்குப் பதிலாக "கூடவா, குறைவா, எவ்வளவு?" என்று கேட்டு நிறுத்திக்கொள்ளவேண்டும். கணிதவியலாளர் ஜோர்ஜ் பொலியா 1945 இல் விளக்கிய நான்கு படிகளில் கடைசிப் படி, செய்ததைத் திரும்பிப் பார்ப்பது. மற்ற வழிகளில் அந்தப் படி விடைக்குப் பிறகு வருகிறது, ஆகவே தவிர்க்கப்படுகிறது. ஊகமுறையில் அது ஒவ்வொரு வரியிலும் வருகிறது.

வீட்டிலும் இதுவே இலகு. போர்க்காலத்தில் பாடசாலை இடைநின்ற பெற்றோர் பலருக்குத் தெரியாக் கணியம் என்றால் கைவிரிக்க வேண்டியிருக்கலாம். ஆனால் 11 உம் 5 உம் வைத்த தோட்டத்தைச் சுற்றி வந்தால் எத்தனை மீற்றர் என்று கேட்க எந்த அம்மாவாலும் முடியும்.

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையைக் காட்டி ஊகமுறையை மறுப்பவர்களுக்கு ஒரு பதில் உண்டு. நேரம் குறைவு என்பது உண்மை. ஆனால் விடைகள் தரப்பட்டிருக்கும் பல்தேர்வு வினாவில், ஊகங்களை வினாத்தாளே எழுதித் தந்துவிடுகிறது. பிள்ளைக்கு மீதமிருப்பது சரிபார்ப்பது மட்டுமே. தெரிவுகள் அளவு வரிசையில் இருந்தால், நடுவில் உள்ளதை முதலில் போட்டுப் பார்க்கப் பழக்கலாம்; அது கூடவா குறைவா என்று தெரிந்தவுடன் மற்றவற்றில் ஒரு பக்கம் அப்படியே விழுந்துவிடும். ரியூசன் வகுப்புகளில் இதைக் குறுக்குவழி என்று சொல்லி எல்லாக் கணக்குக்கும் பழக்குகிறார்கள். அதை நான் ஏற்கமாட்டேன். தெரிவுகள் தரப்படாத வினாக்களில் அந்தப் பிள்ளைக்கு முதல் ஊகத்தைத் தானே வைக்கத் தெரிந்திருக்க வேண்டும்.