விளக்குப் பட்டறைக்குச் சொந்தப் பெயரில் மின்னஞ்சல்: ஜோஹோ மெயில் இலவசத் திட்டம் எப்படி?

சொந்த டொமைன் பெயரில், அதாவது இணையத்தில் நமக்கென்று பதிவு செய்துகொள்ளும் பெயரில், மின்னஞ்சல் முகவரி வைத்துக்கொள்ள எவ்வளவு செலவாகும் என்று கும்பகோணம் வட்டாரத்தில் சிறுதொழில் செய்யும் பலரும் கேட்கிறார்கள். டொமைனுக்கு ஆகும் தொகையைத் தவிர வேறு செலவில்லாமல் அதை நடத்த முடியும் என்பதே, ஜோஹோ நிறுவனத்தின் மின்னஞ்சல் சேவையான ஜோஹோ மெயிலின் இலவசத் திட்டத்தை நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு வார்க்கும் எங்கள் குடும்பப் பட்டறையில் பயன்படுத்தி வரும் எனது முடிவு. ஆனால் அந்த இலவசத்துக்குச் சில எல்லைகள் உண்டு. அவற்றைத் தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது.

ஜிமெயில் போதாதா என்ற கேள்வி நியாயமானதுதான். உள்ளூர் வியாபாரத்துக்கு வாட்ஸ்அப்பே போதும். சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ உள்ள ஒரு கோயில் நிர்வாகம் ஆறடி விளக்குக்கு விலைப்புள்ளி கேட்டு, முன்பணத்தை வங்கி வழியே அனுப்பப் போகும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. பட்டறையின் பெயரோடு இரண்டு இலக்கங்களைச் சேர்த்து எவர் வேண்டுமானாலும் ஜிமெயிலில் ஒரு முகவரியைத் திறந்து, வங்கிக் கணக்கு எண்ணை மாற்றி ஒரு கடிதம் எழுதிவிடலாம். எது அசல் என்று பார்த்துச் சொல்ல வாங்குபவருக்கு வழியில்லை. விசிட்டிங் கார்டில் எடுப்பாக இருக்கும் என்பதைவிட இதுவே சொந்த டொமைனுக்கு வலுவான காரணம்.

முதல் வேலை டொமைன் வாங்குவது. டாட் இன் என்று முடியும் பெயர்களை நிக்ஸி என்ற இந்திய அமைப்பு நிர்வகிக்கிறது. நாம் வாங்குவது அதன் அங்கீகாரம் பெற்ற பதிவாளர்களிடம். பெரும்பாலும் ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். முதலாண்டு விலையைப் பெரிய எழுத்தில் போட்டு, அதைவிடப் பல மடங்கான புதுப்பிப்புத் தொகையைச் சிறிய எழுத்தில் ஒதுக்கி வைப்பது இந்தத் தொழிலின் வழக்கம் என்பதால், ஒப்பிட வேண்டியது இரண்டாம் ஆண்டின் விலையைத்தான். டாட் இந்தியா என்று முழுக்கத் தமிழ் எழுத்திலேயே டொமைன் வாங்கவும் முடியும். எனக்கு அதில் ஆசை இருந்தது, ஆனால் தமிழ் எழுத்து முகவரியை ஏற்காத படிவங்கள் இன்னும் ஏராளம் என்பதால் வணிகத்துக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

அதைவிட முக்கியமானது, டொமைன் யார் பெயரில் பதிவாகிறது என்பது. எங்கள் பட்டறைக்கு முன்பு இணையதளம் செய்து கொடுத்தவர், டொமைனைத் தம்முடைய கணக்கிலேயே பதிவு செய்து வைத்திருந்தார். மின்னஞ்சலுக்காக அதில் இரண்டு வரிகளைச் சேர்க்க வேண்டும் என்று கேட்டபோது, தனியாகப் பராமரிப்புக் கட்டணம் கட்டினால்தான் தொடுவேன் என்றார். பெயரை எங்கள் கணக்குக்கு மாற்றி வாங்குவதற்குள் அவரிடம் நடையாய் நடக்க வேண்டியதாயிற்று.

மின்னஞ்சலுக்கு இருக்கும் வழிகளில் கூகுள் வொர்க்ஸ்பேஸும் மைக்ரோசாஃப்ட் 365-உம் தரமானவைதான். ஆனால் ஆளுக்கு இவ்வளவு என்று மாதாமாதம் கணக்காகும். கிளவுட்ஃப்ளேர் நிறுவனம் வரும் கடிதங்களை நம் ஜிமெயிலுக்குத் திருப்பிவிடும் வேலையை இலவசமாகச் செய்கிறது, எனினும் அதே பெயரில் பதில் அனுப்ப வேறொரு சேவையைத் தேட வேண்டியிருக்கும். ஜோஹோவின் இலவசத் திட்டத்திலோ ஒரு டொமைனுக்கு ஐந்து பேர் வரை, ஆளுக்கு 5 ஜிபி இடத்துடன், வரவும் போக்கும் இரண்டுமே கிடைக்கின்றன. விலைப் பக்கத்தில் கட்டணத் திட்டங்கள்தான் முதலில் கண்ணில் படும். கீழே இறங்கித் தேடினால் இலவசத் திட்டம் கிடைக்கும். நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு தஞ்சை மண்ணைச் சேர்ந்தவர் என்று இங்கே பெருமையாகச் சொல்லிக்கொள்வது உண்டு. எனக்கு அதைவிட, மத்திய அரசு ஊழியர்கள் சுமார் 12 லட்சம் பேரின் மின்னஞ்சல் அந்நிறுவனத்தின் தளத்துக்கு மாற்றப்பட்டதாக 2025-இல் வந்த செய்திதான் தைரியம் தந்தது.

கணக்குத் திறப்பது எளிது. கவனம் கேட்பது டிஎன்எஸ் பதிவுகளை, அதாவது டொமைன் பற்றிப் பிற சர்வர்கள் பார்த்துத் தெரிந்துகொள்ளும் குறிப்பு வரிகளை, சேர்க்கும் பகுதி. டொமைன் நம்முடையதுதான் என்று காட்ட ஒரு வரி, கடிதங்கள் வந்து சேர வேண்டிய இடத்தைச் சொல்லும் எம்எக்ஸ் பதிவுகள், பிறகு எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் ஆகிய மூன்று என்று எல்லாவற்றையும் ஜோஹோ காட்டுகிறபடியே எடுத்துப் பதிவாளரின் பக்கத்தில் ஒட்ட வேண்டும். ஹோஸ்ட் என்ற கட்டத்தில் முழு டொமைன் பெயரையும் எழுதினால் பல பதிவாளர்களின் பக்கம் அதே பெயரைப் பின்னால் இன்னொரு முறை சேர்த்துவிடும். எம்எக்ஸ், எஸ்பிஎஃப் வரிகளுக்கு அங்கே @ குறி மட்டும் போதும்; டிகிம், டிமார்க் வரிகளுக்கு ஜோஹோ காட்டும் பெயரில் டொமைனுக்கு முன்னால் உள்ள பகுதியை மட்டும் எழுத வேண்டும். பதிவாளர் முன்கூட்டியே போட்டு வைத்திருக்கும் பழைய எம்எக்ஸ் வரிகளை நீக்காவிட்டால் சில கடிதங்கள் அங்கே போய்த் தொலைந்துவிடும். எஸ்பிஎஃப் பதிவு ஒரு டொமைனுக்கு ஒன்றே ஒன்றுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது.

இந்த மூன்றையும் பலர் வீண் தொல்லை என்று தள்ளிவிடுகிறார்கள். நமது டொமைன் பெயரில் கடிதம் அனுப்ப எந்தச் சர்வருக்கு உரிமை உண்டு என்பதை எஸ்பிஎஃப் சொல்கிறது; கடிதம் வழியில் திருத்தப்படவில்லை என்பதற்கு டிகிம் அரக்கு முத்திரையாக நிற்கிறது; இந்தச் சோதனைகளில் தேறாத கடிதத்தை என்ன செய்ய வேண்டும் என்று டிமார்க் அறிவுறுத்துகிறது. கூகுளும் யாஹூவும் 2024 பிப்ரவரி முதல் அனுப்புநர்களுக்கான விதிகளை இறுக்கியபின், இவை இல்லாத கடிதம் ஸ்பேமில் விழ வாய்ப்பு அதிகம். எல்லாம் சேர்த்தபின் ஒரு ஜிமெயில் முகவரிக்கு ஒரு வரி எழுதி அனுப்பி, அங்கே மூன்று புள்ளி மெனுவில் அசலைக் காட்டும் வசதியைத் திறந்து பாருங்கள். மூன்றுக்கும் எதிரே பாஸ் என்று இருந்தால் வேலை முடிந்தது.

அன்றாடப் பயன்பாட்டில் எனக்குப் பெரிய குறை இல்லை. கைபேசிச் செயலி நன்றாக ஓடுகிறது. அடிப்பாகம், தண்டு, எண்ணெய்த் தட்டு, மேலே அன்னம் என்று பகுதி பகுதியாக எடுத்த படங்களை அனுப்பும்போது ஒரு கடிதத்துக்கு 25 எம்பி என்ற வரம்பு இடிக்கும். படங்களைச் சற்றுச் சுருக்கினால் போதும். உண்மையான குறை, இலவசத் திட்டத்தில் ஐமேப், பாப் வசதிகள் இல்லாததுதான். பிரவுசரிலும் ஜோஹோவின் செயலியிலும் மட்டுமே கடிதங்களைப் பார்க்க முடியும். அவுட்லுக்கிலோ தண்டர்பேர்டிலோ இணைக்க முடியாது. பில் போடும் மென்பொருள் வழியாகவே கடிதம் போக வேண்டும் என்பவர்களுக்கும், அவுட்லுக்கை விட்டு நகராத ஆடிட்டரை வைத்திருப்பவர்களுக்கும் இது ஒத்துவராது. அவர்கள் லைட் திட்டத்துக்குப் போகலாம். நான் பார்த்தபோது ஆண்டுத் தொகையாகக் கட்டினால் ஆளுக்கு மாதம் 59 ரூபாயும் அதன் மேல் ஜிஎஸ்டியும் ஆகும் என்று இருந்தது, அதுவும் மலிவுதான்.

இதில் இறங்குகிறவர்களுக்கு ஒன்று மட்டும் அழுத்திச் சொல்வேன். பதிவாளரிடம் தொடர்பு முகவரியாகப் புதிய டொமைன் முகவரியைக் கொடுக்காமல் பழைய ஜிமெயிலையே கொடுங்கள். டொமைன் காலாவதியானால் அதன் மின்னஞ்சலும் உடன் நின்றுவிடும். அதன்பிறகு புதுப்பிக்கச் சொல்லி வரும் கடிதமும், கடவுச்சொல்லை மீட்க வரும் கடிதமும் திறக்க முடியாத அந்தப் பெட்டிக்கே போய்க்கொண்டிருக்கும்.